மனவடு அறிந்த பள்ளி: சாதியால் காயப்பட்ட குழந்தையும் பள்ளிப் பணியாளர்களும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளையொட்டிய இந்தப் பேருரையில் இவ்வாண்டு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம். சாதி வன்முறைக்கு ஆளான குழந்தை மறுபடியும் வகுப்புக்கு வரும்போது, அந்தப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அதை அவர்களுக்கு எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதே பொருள். இதுபற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பகுதி போரையும் வெள்ளத்தையும் குடும்ப வன்முறையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சாதியை முன்வைத்து நாம்தான் யோசித்தாக வேண்டும்.

அண்ணல் தம் பள்ளி நாட்களைப் பற்றி 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். வகுப்பின் மூலையில் தனியே சாக்கு விரித்து உட்கார வேண்டும். அந்தச் சாக்கை மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது; பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தண்ணீர். தீண்டாமையின் கொடுமை என்று இதைப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஒரு பள்ளி எப்படி நடக்கிறது என்ற கோணத்தில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அந்தக் குழந்தையின் நாளைத் தீர்மானித்தவர்களில் பாடம் நடத்திய ஆசிரியரோடு பியூனும் ஒருவர். அவர் வந்த நாளில் தண்ணீர் உண்டு, வராத நாளில் இல்லை. பள்ளியில் ஒரு குழந்தை காயப்படுவதும் காயம் ஆறுவதும் அங்கே சம்பளம் வாங்கும் எல்லோருடைய கையிலும் இருக்கிறது. இந்த உரையில் நாம் சொல்லப்போவது இதன் விரிவுதான்.

மனவடு என்னும் சொல்

'ட்ராமா' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'மனவடு' என்கிறோம். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 1993இல், போருக்கு நடுவே, இந்தப் பெயரிலேயே ஒரு கைநூலைக் கொண்டுவந்தார்.  மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த இடத்தில், மக்களோடு அன்றாடம் பழகும் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதே வழி என்று அவர் கண்டார். தனிமனிதர் ஒருவரின் காயம் என்பதைத் தாண்டி, ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து சுமக்கும் கூட்டு மனவடு பற்றியும் தொடர்ந்து எழுதினார். இங்கே, நம் கே.ஏ. குணசேகரன் 2005இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு 'வடு' என்று பெயர் வைத்தார். ஒருவர் மருத்துவத்திலிருந்தும் ஒருவர் இலக்கியத்திலிருந்தும் வந்து ஒரே சொல்லில் நிற்கிறார்கள்.

வடு என்பது காயம் ஆறிய பிறகும் தங்கிவிடும் தடம். நடந்த சம்பவம் வேறு, அது உடலிலும் மனத்திலும் விட்டுச்செல்வது வேறு. ஆபத்து வந்தால் எதிர்க்கவோ ஓடவோ உறைந்துபோகவோ நம் உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. இதயம் படபடக்கும், தசை இறுகும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து நீங்கியதும் இவை தணிய வேண்டும். கடுமையான வன்முறையையோ, நாள்தோறும் தொடரும் அவமானத்தையோ சந்தித்த குழந்தைக்கு இது சரியாகத் தணிவதில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் அதன் உடல் ஆபத்தை எதிர்பார்த்துக் காவல் காக்கிறது. காவல் காத்துக்கொண்டிருக்கும் மனத்தில் வாய்பாடு நிற்காது. கரும்பலகையில் எழுதியது கண்ணில் பட்டும் பதியாது. 'மண்டையில் ஏறலை' என்று நாம் சொல்லும் குழந்தைகளில் சிலருக்கு நடப்பது இதுதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய 'ட்ராமா அண்ட் ரெக்கவரி' நூல், மீட்சிக்கு மூன்று கட்டங்களைச் சொல்கிறது. முதலில் பாதுகாப்பு. அடுத்து, நடந்ததை நினைத்துச் சொல்லி, இழந்ததற்காகத் துக்கப்படுவது. பிறகு, மற்றவர்களோடு மறுபடியும் உறவு கொள்வது. முதல் கட்டம் இல்லாமல் இரண்டாவதற்குப் போகக்கூடாது என்பதே அதன் உயிரான பாடம். 2014இல் அமெரிக்க அரசின் மனநலச் சேவை அமைப்பு, ஒரு நிறுவனம் மனவடு அறிந்து நடப்பதற்கு நான்கு கடமைகளை வகுத்தது: மனவடு எவ்வளவு பரவலானது என்று உணர்தல், அதன் அறிகுறிகளைக் கண்டுகொள்ளுதல், அதற்கேற்ப நடைமுறைகளை மாற்றுதல், மறுபடியும் காயப்படுத்தாதிருத்தல். சுருங்கச் சொன்னால், 'இந்தப் பிள்ளைக்கு என்ன கோளாறு?' என்று கேட்கும் பள்ளி, 'இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?' என்று கேட்கக் கற்றுக்கொள்வதே மனவடு அறிந்த பயிற்சி.

இதே துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு ஆய்வு 1998இல் வெளிவந்தது. 9,500க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு, அவை பிற்காலத்தில் உடல்நலத்தையே பாதிப்பதைக் காட்டிய ஆய்வு. அதன் கேள்விப் பட்டியல் வீட்டுக்குள் நடப்பதோடு நின்றுவிட்டது. இனப் பாகுபாட்டைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை; சாதிக்கு அங்கே இடமே கிடையாது. இறக்குமதியான பயிற்சிக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தால் காயம் எப்போதும் வீட்டிலிருந்துதான் வரும், பள்ளி எப்போதும் நிழல் தரும் இடம் என்ற முடிவுக்குத்தான் வருவோம். நம் குழந்தைகள் பலருக்கு நிலைமை தலைகீழாக இருக்கிறது.

வகுப்பறையில் எப்படித் தெரியும்

தொடக்கப் பள்ளி வயதில் மனவடு உடல் வழியாகப் பேசும். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், சத்தம் கேட்டால் திடுக்கிடுதல், அம்மாவின் சேலையை விடாமல் பிடித்துக்கொள்ளுதல். நடுநிலைப் பள்ளி வயதில் பேச்சு குறையும், மதிப்பெண் சரியும், காரணம் சொல்லாமல் விடுப்பு கூடும். பதின்ம வயதில் சட்டென்று கோபம், எதிர்த்துப் பேச்சு, ஆபத்தை மதிக்காத நடத்தை, அல்லது யாரோடும் சேராமல் ஒதுங்குதல் என்று வெளிப்படும். இவற்றுக்குப் பள்ளியில் வழங்கும் பெயர்கள் நமக்குத் தெரியும்: நடிப்பு, சோம்பேறித்தனம், திமிர். ஆதிக்கச் சாதிப் பையன் எதிர்த்துப் பேசினால் துடுக்கு. சேரிப் பையன் பேசினால் திமிர். பயிற்சி முதலில் இந்தப் பெயர்வைப்பைக் கேள்வி கேட்க வேண்டும்.

அதற்காக, எல்லா அறிகுறியையும் மனவடு என்று முடிவுகட்டுவதும் தவறு. நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறித்துவிட்டு வரும் பிள்ளையும் முதல் பாடவேளையில் தூங்கும். வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் தாய் நூற்பாலையில் இரவு ஷிஃப்ட் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்ட பிள்ளையும் தூங்கும். தெருவுக்குள் ஆட்கள் புகுந்த இரவுக்குப் பிறகு கண்மூட முடியாத பிள்ளையும் தூங்கும். மூவருக்கும் தேவைப்படுவது வேறு வேறு. ஆசிரியர் மருத்துவராக வேண்டியதில்லை. அடிக்காமல், வகுப்பின் முன் நிறுத்தாமல், தனியே அழைத்து, 'ராத்திரி தூங்கலையாப்பா?' என்று கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

சில நினைவூட்டல்கள் பழைய பயத்தைக் கிளறிவிடும். தீவைப்பைப் பார்த்த பிள்ளைக்குப் புகை நாற்றம், கும்பலைப் பார்த்த பிள்ளைக்குத் திருவிழாக் கூட்டமும் வெடிச்சத்தமும். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறையே ஊருக்குள் புகுந்து சூறையாடியது. 2011இல் பரமக்குடியில் துப்பாக்கிச்சூடு நடந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் வளரும் பிள்ளைக்குக் காக்கிச் சட்டையே அச்சம். ஒரு சம்பவத்துக்குப் பிறகு 'விழிப்புணர்வு' என்று சீருடைக் காவலர்களைப் பள்ளிக்குள் அழைத்துவந்து வரிசையாக நிறுத்துவது அந்தக் குழந்தைக்கு உதவியாகாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்யும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக்கூடாது என்று 24ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இந்த நுட்பம் பள்ளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளியே காயமாகும்போது

2004இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. பிழைத்த குழந்தைகளுக்கு மன ஆதரவு வேண்டும் என்பதை எவரும் மறுக்கவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கடற்கரை ஊர்களில் பணியாற்றுவோருக்கு உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது. இயற்கைப் பேரிடரிலும் விபத்திலும் குழந்தை பாதிக்கப்பட்டதாகச் சமூகம் ஒப்புக்கொள்கிறது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டத்தின் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய இடங்களில் 200க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடிக் கொளுத்தப்பட்டன. பிள்ளைகளின் புத்தகமும் சான்றிதழும் சேர்ந்தே எரிந்தன. சாதி வெறியாட்டம் நடந்த ஊரில் 'பேரிடர்' என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. 'இரு தரப்பு மோதல்' என்றே எழுதுகிறார்கள். இரு தரப்பு என்று சொல்லிவிட்டால், குழந்தையும் ஒரு தரப்பு ஆகிவிடுகிறது.

சாதி வன்முறையை மற்ற பேரிடர்களிலிருந்து பிரிக்கும் அம்சம் இன்னொன்றும் உண்டு. வெள்ளம் வடிந்துவிடும். சாதி மறுநாளும் அதே பேருந்தில், அதே வகுப்பில், சில நேரம் அதே ஆசிரியரின் நாவில் இருக்கும். பாமா 1992இல் வெளியிட்ட 'கருக்கு' நூலில், பள்ளித் தென்னையில் இளநீர் திருடியதாகத் தலைமையாசிரியர் சாதியை வைத்துத் தம்மைக் குற்றம்சாட்டி எல்லோர் முன்னும் அவமானப்படுத்தியதைப் பதிவுசெய்கிறார். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் பாலக்கரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலித் குழந்தைகளைக் கழிவறை கழுவ வைத்ததாக வந்த புகாரில் தலைமையாசிரியரே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். இவை செய்தியானவை. செய்தியாகாதவை அன்றாடம் நடப்பவை. 'உதவித்தொகைக்கு எஸ்.சி. பசங்க எல்லாம் எந்திரிங்க' என்று வகுப்பில் சத்தமாகச் சொல்வது அதில் ஒன்று. எழுந்து நிற்கும் ஒரு நிமிடத்தில் வகுப்பு முழுவதும் யார் யார் என்று கணக்கெடுத்துவிடுகிறது.

ஆகவே, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆலோசனை சொல்வதில் தொடங்கும் பயிற்சி நமக்குப் பயன்படாது. பள்ளி தன் நடைமுறையைத் திருத்திக்கொள்வதில் தொடங்கும் பயிற்சியே வேண்டும். காயப்படுத்தும் கையை எடுக்காமல் மருந்து தடவுவதில் பொருளில்லை.

நாங்குநேரியிலிருந்து கற்க வேண்டியது

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பிடிபட்டவர்கள் அவரோடு பள்ளியில் பயின்ற மாணவர்கள். அதற்கு முன்பு அந்த மாணவர் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்ற விசாரிப்பில் விஷயம் வெளிவந்து, பள்ளியில் புகாரும் தரப்பட்டது. அதன் பிறகுதான் வெட்டு. அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அவர் 600க்கு 469 மதிப்பெண் பெற்றதைப் பாராட்டினோம், பாராட்டத்தான் வேண்டும். பயிற்சி அறையில் படிக்க வேண்டிய பகுதி அதற்கு முந்தியது. அறிகுறி இருந்தது: விடுப்பு. பிள்ளை வாய் திறந்தது. புகார் பள்ளியின் கைக்கு வந்தது. அந்த நொடியிலிருந்து அன்று இரவு வரை அந்தப் பிள்ளையின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று எந்த நடைமுறையிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு தலித் மாணவரை வழிமறித்து இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் பெற்ற வெற்றிதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். விளையாட்டுத் திடலும் பேருந்துப் பயணமும் பள்ளிப் பாதுகாப்பின் கணக்கில் வர வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாங்குநேரிக்குப் பின் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. அறிக்கை 2024 ஜூன் 18 அன்று முதல்வரிடம் தரப்பட்டது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம் போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை, வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இராமை, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் அறிவிக்காமை, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர், ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி என்று பரிந்துரைகள் நீள்கின்றன. கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்ற பெயர்களை நீக்கி 'அரசுப் பள்ளி' என்றே அழைக்க வேண்டும் என்றும் குழு சொன்னது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருப்பதால், இது நம் வாசலில் நிற்கும் கேள்வி. கயிறு பற்றி 2019லேயே பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டதும், எதிர்ப்பு வந்ததும் அது கிடப்பில் போனதும் நினைவிருக்கட்டும். சந்துரு அறிக்கையில் பயிற்சி என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு.

பயிற்சிக்குள் இருக்க வேண்டியவை

முதலாவது, கேட்கும் முறை. பிள்ளை எதையாவது சொல்ல வரும்போது, 'நீ என்ன பண்ணின?' என்பது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. ஒருவரே கேட்க வேண்டும், ஒரு முறை கேட்க வேண்டும், பிள்ளையின் சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். வகுப்பாசிரியர், உதவித் தலைமையாசிரியர், தலைமையாசிரியர் என்று மூன்று அறைகளில் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது மறுபடியும் காயப்படுத்துவது. 'யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று காப்பாற்ற முடியாத வாக்கைத் தரக்கூடாது. 'உன்னைப் பாதுகாக்க இவரிடம் மட்டும் சொல்லியாக வேண்டும்' என்று உள்ளதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, புகார் வந்த நாளுக்கான திட்டம். இன்று இந்தப் பிள்ளை எந்த வழியாக, யாரோடு வீட்டுக்குப் போகும்? பேருந்து எந்தத் தெரு வழியாகப் போகிறது? வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெற்றோருக்குத் தகவல் போனதா? புகாருக்கு ஆளானவர்களுக்கு இது தெரியவரும் நேரம் எது, அதற்கு முன் காவல்துறைக்குச் சொல்லியாகிவிட்டதா? ஒரு தாளில் எழுதி அன்றே நிரப்ப வேண்டிய கேள்விகள் இவை. இரு பக்கப் பிள்ளைகளையும் தலைமையாசிரியர் அறையில் நிறுத்தி, 'கை குடுத்துக்கோங்கப்பா' என்று முடிக்கும் வழக்கம் நம் பள்ளிகளில் வேரூன்றியது. சம பலம் இல்லாதவர்களுக்கு இடையே அது சமாதானம் ஆகாது. புகார் செய்தவர் யார் என்று அடையாளம் காட்டுவதாகவே முடியும்.

மூன்றாவது, திரும்பி வரும் நாள். மருத்துவமனையிலிருந்தோ ஊர் மாறியோ வரும் பிள்ளையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றி அனுதாபம் காட்டக்கூடாது. எங்கே உட்கார விருப்பம், யாரோடு சாப்பிட விருப்பம் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். மனம் பதறினால் அனுமதி கேட்காமல் போய் உட்கார ஓர் இடமும், அங்கே போக ஒரு பெரியவரும் இருக்க வேண்டும். வன்முறை பிள்ளையிடமிருந்து முதலில் பறிப்பது தன் விஷயத்தைத் தான் முடிவு செய்யும் உரிமையை. சிறு முடிவுகளிலாவது அதைத் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சையின் பாதி.

நான்காவது, நீண்ட காலம். சம்பவம் நடந்த தேதி மறுபடி வரும், நீதிமன்ற வாய்தா வரும், எதிரிகள் பிணையில் வெளிவருவார்கள். அந்த நாட்களில் பிள்ளையின் நிலை மாறும். நீதிமன்றம் போன நாளை வெறும் 'ஆப்சென்ட்' என்று குறித்துவிட்டு, தேர்வு நேரத்தில் வருகை போதாது என்று நிறுத்தக்கூடாது.

ஐந்தாவது, தாக்கிய பிள்ளைகள். அவர்களும் குழந்தைகள்தாம். கயிற்றை அவர்கள் கையில் கட்டியவர்கள் பெரியவர்கள். அவர்களோடும் பள்ளி வேலை செய்தாக வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பை விலையாகக் கொடுத்து அதைச் செய்யக்கூடாது. பிரச்சினை வரும்போதெல்லாம் தலித் பிள்ளைக்கே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து 'நல்லதுக்குத்தான் சொல்றோம்' என்று அனுப்பிவைப்பது இங்கே எளிதான தீர்வாகிவிட்டது.

ஆறாவது, பணியாளரின் சொந்தச் சாதி. 'எங்கள் பள்ளியில் சாதியே பார்ப்பதில்லை' என்று தொடங்கும் பேச்சோடு எந்தப் பயிற்சியும் முன்னேறாது. யாரைத் தண்ணீர் எடுத்துவரச் சொல்கிறோம், யாரைக் கூட்டச் சொல்கிறோம், யார் கொடுக்கும் தேநீரைக் குடிக்கிறோம், யாருக்குப் பட்டப்பெயர் வைக்கிறோம் என்று ஒரு வாரம் தன்னைத் தானே கவனித்து எழுதிவரச் செய்வது நல்ல தொடக்கம். தலித் ஆசிரியரும் தலித் சமையலரும் இதே பள்ளியில் காயப்படுகிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் தலித் சமையலர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் தகராறு செய்தார்கள். தட்டில் விழும் சோற்றைச் சமைத்தவருக்கு நடப்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் தலித் குழந்தை அன்று என்ன பாடம் கற்றிருக்கும்?

யாருக்கெல்லாம் பயிற்சி

ஆசிரியர்களுக்கு மட்டும் என்றால் பாதிப் பள்ளி விடுபட்டுப்போகும். சத்துணவு அமைப்பாளர், சமையலர், தூய்மைப் பணியாளர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர், உடற்கல்வி ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுவினர் என எல்லோரும் வர வேண்டும். ஆதிதிராவிடர் நலத் துறை விடுதிகளின் காப்பாளரும் சமையலரும் கட்டாயம் வர வேண்டும். இரவில் பயந்து எழும் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம். சாப்பிடாத பிள்ளையை முதலில் கவனிப்பவர் சத்துணவு அம்மா. கழிவறையில் ஒளிந்துகொள்ளும் பிள்ளையை முதலில் காண்பவர் தூய்மைப் பணியாளர். அவர்கள் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னால் மதிப்பார்களா என்பதைப் பயிற்சி தீர்த்துவைக்க வேண்டும்.

சட்டம் தருவதும் தராததும்

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது. அச்சட்டப்படி ஆற்ற வேண்டிய கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதி, பழங்குடி சாராத பொது ஊழியருக்கு 4ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை உண்டு. 2015 திருத்தத்தில் வந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டோர், அவரைச் சார்ந்தோர், சாட்சிகள் ஆகியோரின் பாதுகாப்பை அரசின் கடமையாக்கியது. 2016இல் திருத்தப்பட்ட விதிகள், கொலை போன்ற கொடுமைகளில் பாதிக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை முழுக் கல்விச் செலவையும் பராமரிப்பையும் அரசு ஏற்க வேண்டும் என்கின்றன.

இது போராடிப் பெற்ற உரிமை. விட்டுவிடக் கூடாது. அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். விதி கட்டணத்தைத் தருகிறது. கட்டணம் கட்டிச் சேர்த்த பள்ளியில் அந்தப் பிள்ளையை எப்படி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஏற்பாடு இல்லை. தகப்பனை இழந்த பிள்ளையை முன்பின் தெரியாத உறைவிடப் பள்ளியில் விட்டுவிட்டு, நிவாரணம் முடிந்தது என்று கோப்பை மூடிவிடலாம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பயிற்சியைக் கேட்கிறோம்.

ஓர் ஆலோசகரை நியமித்தால் போதும் என்பதையும் ஏற்க முடியாது. நல்ல ஆலோசகர் தேவை. ஆனால், 'மறந்துடு, மனதைரியமா இரு, படிப்பில் கவனம் வை' என்று சொல்லி அனுப்பும் ஆலோசனை, அநீதியைப் பிள்ளையின் மனப் பலவீனமாக மாற்றிவிடுகிறது. பயப்படக் காரணம் இருக்கும்போது பயப்படுவது நோயாகாது. வழக்கு பதிவாவதும், தாக்கியவர் தண்டிக்கப்படுவதும், பள்ளி 'இது உன் தப்பில்லை' என்று வாய்திறந்து சொல்வதும் மனநலச் சிகிச்சையின் பகுதிகளே.

திண்டுக்கல்லில் நாம் தொடங்கக்கூடியவை

நம் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு பள்ளி என்று எடுத்துக்கொண்டாலும் தொடக்கத்துக்கு 14 பள்ளிகள் போதும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. காந்திகிராமத்தில் 1956 முதல் கிராமியக் கல்வி நிறுவனம் இயங்குகிறது. 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக்கான ஆட்கள் எட்டாத தூரத்தில் இல்லை. அவர்களோடு தலித் எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும், இந்தப் பள்ளிகளில் படித்து வெளியேறிய நம் மாணவர்களும் பயிற்றுநர்களாக அமர வேண்டும். மனவடுவின் பொதுவான இலக்கணத்தை மருத்துவர் சொல்வார். சாதி எந்தச் சொல்லில், எந்தப் பார்வையில் வகுப்புக்குள் வருகிறது என்பதை அதை வாழ்ந்தவர்களே சொல்ல முடியும். நம் தன்வரலாறுகள் பயிற்சி நூல்களாகவும் பயன்பட வேண்டும்.

மாணவர்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரோடு போய் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். உதவித்தொகை விவரத்தை எப்படிச் சொல்கிறீர்கள்? புகார்ப் பெட்டியை யார், எந்த நாளில் திறக்கிறார்கள்? சாதித் தாக்குதல் பற்றிப் புகார் வந்தால் அன்று மாலை அந்தப் பிள்ளையை வீடு சேர்ப்பது யார்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வரும்வரை விடாதீர்கள். அவசர எண்களைப் பள்ளிச் சுவரில் எழுத வைக்கலாம்: பள்ளிக் கல்வித் துறை 14417, குழந்தைகள் உதவி 1098, வன்கொடுமைத் தடுப்பு உதவி 14566, மனநல ஆலோசனை 14416.

இயக்கத் தோழர்களுக்கும் இதே ஒழுங்கு பொருந்தும். உண்மை அறியும் குழு போகும்போது குழந்தையிடம் பேச ஒருவரை மட்டும் நியமிக்க வேண்டும். கைப்பேசியை நீட்டி, 'அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லு பாப்பா' என்று பதிவுசெய்வதும், பத்திரிகையாளர் சந்திப்பில் குழந்தையை உட்கார வைப்பதும் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டமும் போக்சோ சட்டமும் தடைசெய்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்யக்கூடாது. காயத்தைக் காட்டச் சொல்லி மறுபடி மறுபடி கேட்பவர் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் குழந்தைக்கு வலி ஒன்றுதான்.

கற்பி, ஒன்றுசேர், போராடு என்று அண்ணலின் பெயரால் சுவரெல்லாம் எழுதியிருக்கிறோம். முதல் சொல்லுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். அந்தப் பள்ளிக்கு அச்சமில்லாமல் போய்வர நம் பிள்ளைகளுக்கு வழி வேண்டும். ஊரும் அரசும் சாதியைக் கைவிடும் நாள்வரை காத்திருக்க முடியாது. நாளை காலை ஒன்பதரை மணிக்கு மணி அடிக்கும், பிள்ளைகள் உள்ளே போவார்கள். வாசலில் நிற்கும் காவலர் முதல் தலைமையாசிரியர் வரை, அவர்களை எதிர்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. இந்தக் கோரிக்கையை எழுத்து வடிவில் மாவட்ட நிர்வாகத்திடம் கொண்டுசெல்லும் பணியில் இணைய உங்கள் அனைவரையும் அழைக்கிறோம்.